தண்ணீர் நிற்காத கரும்புக்காட்டு மூலை ஈரநிலமா? டோங்காட் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் உங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் கரும்புக்காடு இருக்கிறது. அதன் அடிமூலையில் அரை ஏக்கர் அளவுக்கு மழைக்காலத்தில் கால் புதைகிறது. குளிர்காலம் வந்தால் காய்ந்து வெடித்துவிடுகிறது. அங்கே கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கி, வாடகைக்கு நான்கு வீடு கட்டலாம் என்கிறார் உங்கள் சித்தப்பா. அது ஈரநிலம், கை வைத்தால் வம்பு என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். தண்ணீரே நிற்காத இடம் எப்படி ஈரநிலமாகும், தவளைக்கும் பாம்புக்கும் கொசுவுக்கும் விட்டுவைக்கவா தாத்தா பாடுபட்டு இந்த நிலத்தை வாங்கினார் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அது ஈரநிலம்தானா என்பது ஒன்று. ஆம் என்றால், நிரப்புவதால் யாருக்கு என்ன நட்டம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு மண்ணைத் தோண்டினால் பெரும்பாலும் தெளிவான விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு விடை அவ்வளவு நேராக வராது. நான் மண்ணியல் படித்தவன். நம் குவாஸுலு-நட்டால் மாகாணத்தின் கரையோரத்தில் ஈரநில எல்லை குறிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்கள் நிலத்தை நான் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேலே தண்ணீர் நிற்கிறதா என்பதைக் கொண்டு யாரும் ஈரநிலத்தை முடிவு செய்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம் சொல்வதன் சாரம் இது: நீருக்கும் மேட்டு நிலத்துக்கும் இடைப்பட்ட நிலம், நிலத்தடி நீர்மட்டம் வழக்கமாக மேற்பரப்பிலோ அதை ஒட்டியோ இருக்கும், அல்லது அவ்வப்போது ஆழமில்லாத நீர் நிலத்தை மூடும், இயல்பான சூழ்நிலையில், நீரில் ஊறிய மண்ணுக்குப் பழகிய செடிகொடிகள் அங்கே வளரும், அல்லது வளரக்கூடும். அந்த ‘வளரக்கூடும்’ என்ற சொல்தான் உங்கள் வழக்கின் முடிச்சு. கரும்பு போட்டதால் நாணல் இல்லை, ஆகவே இது ஈரநிலம் இல்லை என்று வாதிட முடியாமல் அது தடுத்துவிடுகிறது. மனிதர் கைபடாமல் இருந்திருந்தால் அங்கே என்ன வளர்ந்திருக்கும் என்பதே கேள்வி. நம் கடற்கரையோர மலைச்சரிவுகளில் ஊற்றாகக் கசிந்து அடிவாரத்தை நனைக்கும் ஈரநிலங்கள் ஏராளம். அவற்றில் பல ஆண்டு முழுவதும் குளம்போல நிறைந்திருப்பதே இல்லை. ஆண்டில் மூன்று மாதம்கூட ஊறாத ஓரப்பகுதியும் ஈரநிலக் கணக்கில் வரும்.

ஆகவே மண்ணைப் பார்க்க வேண்டும். நீர்த்துறை 2005இல் வெளியிட்ட கள வழிகாட்டி நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: நிலத்தின் அமைப்பு, மண்வகை, மண்ணில் ஈரம் விட்டுச்சென்ற தடம், செடிகொடி. இந்த நான்கில் நான் மிகவும் நம்புவது மூன்றாவதை. செடியை வெட்டிவிடலாம், உழுதுவிடலாம், மழை பொய்த்த ஆண்டில் அது தானே மாறிவிடும். மண்ணின் நிறம் அப்படி ஓர் ஆண்டில் மாறாது. நம் மண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் கொடுப்பது இரும்பு. மண்ணின் நுண்துளைகளை நீர் நிரப்பியதும் உள்ளே காற்று புகமுடியாமல் போகிறது. இருந்த ஆக்சிஜனைச் சில நாட்களில் பாக்டீரியாக்கள் தீர்த்துவிடுகின்றன. அதன்பிறகு அவை சுவாசிக்க ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பைப் பயன்படுத்துகின்றன. அப்போது இரும்பு நீரில் கரையும் வடிவத்துக்கு மாறி, நீரோடு நகர்ந்துபோகிறது. இரும்பு போன மண் சாம்பல் நிறமாகிறது. நம் பக்கம் மழைக்காலமான கோடையின் ஈரம் வடிந்து குளிர்காலத்தில் காற்று மீண்டும் உள்ளே வரும்போது, வேர் போன வழியிலும் வெடிப்புகளிலும் எஞ்சிய இரும்பு துருப்பிடித்து, ஆரஞ்சுப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் படிகிறது. ஆண்டுக்காண்டு இது திரும்பத் திரும்ப நடந்து மண்ணில் பதிந்துவிடுகிறது.

நீங்களே இதைப் பார்க்கலாம். காய்ந்த மேட்டுப் பகுதியிலிருந்து அடிமூலை நோக்கி நேர்கோட்டில் நடந்து, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் குழி தோண்டுங்கள். அரை மீட்டர் ஆழம் போதும். ஈரநிலத் தாவரங்களின் வேர் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. வழிகாட்டியும் 50 சென்டிமீட்டரைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழியிலிருந்தும் மண்கட்டிகளை மேலிருந்து கீழாக அதே வரிசையில் ஒரு சாக்கின்மேல் அடுக்குங்கள். கட்டியைக் கையால் உடைத்து, புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்; மண்வெட்டி வழித்த முகம் ஏமாற்றும். மேட்டுக் குழியில் மண் ஒரே சீரான பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். கீழே இறங்க இறங்க, ஓரிடத்தில் பழுப்பு மங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துருப்புள்ளி தலைகாட்டும். தற்காலிக ஈரத்தின் ஓரம் அது. இன்னும் கீழே சாம்பல் நிறம் பரவி, அதன்மேல் ஆரஞ்சுப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். பழைய வேர்த்துளை ஒன்றைப் பிளந்தால் அதன் உட்சுவரில் மெல்லிய துருப்பூச்சு தெரியும். ஆண்டில் குறைந்தது மூன்று மாதமாவது ஊறுகிற மண்ணின் முகம் இதுதான். எப்போதும் ஊறிய நடுப்பகுதி இருந்தால், அங்கே புள்ளியே அற்றுப்போய் மண் முழுச் சாம்பலாகவோ நீலம் ஓடிய சாம்பலாகவோ இருக்கும். அழுகிய முட்டை வாடையும் வரலாம். துருப்புள்ளி முதலில் தோன்றிய அந்தக் குழிதான் உங்கள் எல்லை. கால் புதைகிற இடத்துக்கு வெகு மேலே அது விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதிலும் ஏமாறக்கூடிய இடங்கள் உண்டு. டர்பனைச் சுற்றிய, ‘பெரியா’ எனப்படும் செம்மணல் மேடுகளில் சிவப்பு அத்தனை எளிதில் கரைவதில்லை. வடக்கே மாபுட்டாலாந்தின் வெளிர் மணலிலோ இரும்பே குறைவு. ஆகவே வருடம் முழுவதும் ஊறினாலும் புள்ளி விழாது. சில சாம்பல் மண், பாறையே சாம்பல் என்பதால் அப்படி இருக்கும். ஈரத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே யாராவது வீட்டின் தண்ணீர்க்குழாய் உடைந்தோ, செப்டிக் தொட்டி கசிந்தோ உங்கள் மூலை சில ஆண்டுகளாக மட்டும் நனைந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் மேலே சொதசொதப்பும் கீழே சீரான பழுப்பு மண்ணும் சேர்ந்து காணப்படும். அது இயற்கையான ஈரநிலம் அல்ல. இதற்கு எதிர்மாறானதும் நடக்கும். உங்கள் தாத்தா காலத்தில் வடிகால் வெட்டி உலர்த்திய நிலத்தில் இன்றும் சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் அப்படியே இருக்கும். நீர் போன பிறகும் பல பத்தாண்டுகள் அந்தத் தடம் அழியாது. அப்போது மண் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. வடிகாலின் ஆழத்தையும் நிலத்தின் சரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரும்புக்காட்டின் அடியில் வடிகால் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைத் தேடுங்கள். புல் மூடி, வாய்க்கால் என்றே தெரியாமல் கிடக்கும்.

செடிகொடியைப் பார்ப்பதானால் கரும்புக்குள் தேடாதீர்கள். உழவு படாத வரப்போரம், வடிகாலின் கரை, பாதை ஓரம் ஆகியவற்றில் தேடுங்கள். நாணலும், பழுப்புக் கதிர் தூக்கி நிற்கும் சம்பும், தண்டு முக்கோணமாக இருக்கும் கோரை வகைகளும் சாட்சி சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். கோரையானால் மூன்று விளிம்பு தட்டும், புல்லானால் உருளும். ஆனால் சடங்குகளுக்குத் தர்ப்பையாக எடுக்கும் இம்பெராட்டா புல் ஈர ஓரத்திலும் வரும், காய்ந்த மேட்டிலும் வரும். அதை மட்டும் வைத்து எதையும் சொல்லக்கூடாது. மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு செழித்து நிற்பதும் சான்றாகாது, அது நட்டது. கல்வாழையும் சான்றாகாது. செடிகளைக் காட்டி ‘இது ஈரநிலம் இல்லை’ என்று யாராவது அடித்துச் சொன்னால், உழுத நிலத்தில் அந்த வாதத்துக்கு எடை மிகக் குறைவு என்று பதில் சொல்லலாம்.

அரசின் வரைபடத்தில் இந்த இடம் இல்லையே என்றும் சிலர் சொல்வார்கள். தேசிய ஈரநில வரைபடம் பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைந்தது. உங்களுடையதைப் போன்ற சிறிய, பருவத்துக்குப் பருவம் மாறும் கசிவு நிலங்கள் அதில் விட்டுப்போவது சகஜம். வரைபடத்தில் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அதனாலேயே அங்கே ஈரநிலம் இல்லை என்று ஆகிவிடாது. எத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் திட்ட வரைபடத்தில் ‘டிமாஸ்’ எனப்படும் திறந்தவெளி வலையமைப்பு உங்கள் மனைக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். வந்தால், கட்டடத் திட்டம் போடுவதற்கு முன்பே நகராட்சியின் பல்லுயிர்ப் பிரிவிடம் போயாக வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. ஈரநிலம் என்றாலே பஞ்சுபோல வெள்ளத்தை உறிஞ்சி, வறண்ட மாதங்களில் மெல்ல விடும் என்று பள்ளிப் புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை சொல்கிறார்கள். ஈரநிலத்தின்மேல் அன்பு வைத்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். ஆனாலும் இது பாதிதான் உண்மை. ஆற்றோரத்து வெள்ளச் சமவெளி, பெருக்கு வரும்போது பரந்து கொடுத்து உச்சத்தைத் தணிக்கிறது, இதில் ஐயமில்லை. ஆனால் ஏற்கனவே நிரம்ப ஊறிய மலையடிக் கசிவு நிலத்தில் பெருமழை விழுந்தால், உறிஞ்ச இடமில்லாமல் நீர் மேலேயே ஓடிவிடும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இப்படித்தான் கண்டார்கள்: இடத்துக்கு இடம் விடை மாறுகிறது. வறண்ட மாதங்களில் ஓடைக்கு நீர் தருவதும் அப்படியே. நாணல் காற்றில் விடும் நீராவி பல இடங்களில் அந்த வரவைத் தின்றுவிடுகிறது. உங்கள் அரை ஏக்கர் டோங்காட்டின் வெள்ளத்தைத் தடுக்கும் என்று நான் சொன்னால், சித்தப்பா அதை நம்பமாட்டார். அவர் நம்பாதது சரியே.

உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு. கரும்புக்கு இடும் உரத்தின் நைட்ரேட், சரிவில் இறங்கி அந்தக் காற்றில்லாத மண் வழியே கசியும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஓடைக்குப் போய்ச்சேரும் நீரில் உரம் குறைகிறது. மழையில் அரித்துவரும் வண்டலை அடர்ந்த கோரை பிடித்து நிறுத்துகிறது. பாஸ்பேட் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அது இரும்போடு ஒட்டிக்கொண்டு மண்ணில் தங்கும். நான் மேலே சொன்னபடி இரும்பு கரையும்போது பாஸ்பேட்டும் கூடவே விடுபட்டுவிடும். ஆகவே ஈரநிலம் எந்த அழுக்கையும் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னும் என்று நினைத்துச் சாக்கடையை அதற்குள் திருப்பக்கூடாது.

வடிகட்டும் அந்த வேலையை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாகாணமே பெரிய சாட்சி. செயின்ட் லூசியா கழிமுகத்துக்கு நன்னீர் கொண்டுவந்த முக்கிய ஆறு உம்ஃபொலோஸி. அதன் கீழ்ச் சமவெளியில் பாப்பிரஸ் கோரை மண்டிய சதுப்பு, ஆற்றின் வண்டலை வாங்கிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தச் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டிக் கரும்பு போட்டார்கள். வண்டல் நேராகக் கழிமுகத்துக்கு வந்து வாயை அடைக்கத் தொடங்கியது. ஆற்றையே பிரித்துவிட்டால் தீரும் என்று 1952இல் உம்ஃபொலோஸிக்குத் தனி முகத்துவாரம் வெட்டிக் கடலில் விட்டார்கள். வண்டல் போயிற்று, கூடவே நன்னீரும் போயிற்று. 2002இல் தொடங்கிய நீண்ட வறட்சியில் கழிமுகத்தின் பெரும்பகுதியான செயின்ட் லூசியா ஏரியின் நிலைமை மோசமாகி, 2006இல் அதன் படுகையில் சுமார் 90 விழுக்காடு நீரின்றி வெளியே தெரிந்தது. 1986 முதல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருப்பதும், 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதுமான இடத்தின் கதை இது. 2012இல்தான் ஆற்றையும் ஏரியையும் மீண்டும் சேர்க்கும் வேலை தொடங்கியது. அங்கே வெட்டியது ஒரே பெரிய சதுப்பு. நம் பக்கத்தில் அரை ஏக்கர் அரை ஏக்கராக நூறு பேர் நிரப்புகிறார்கள். ஓடைக்கு வந்து சேரும் வண்டலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. 2018ஆம் ஆண்டின் தேசியப் பல்லுயிர் மதிப்பீட்டில், நாட்டின் ஈரநில வகைகளில் 79 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காடு, புல்வெளி ஆகியவற்றைவிட இங்கே நிலைமை அதிகம் கெட்டிருக்கிறது.

தவளையைப் பற்றி ஏளனமாக எழுதியிருந்தீர்கள். அங்கேதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று ஒன்று இருக்கிறது. மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். உலகத்தில் அது வாழ்வது குவாஸுலு-நட்டாலின் கடற்கரையோரப் பட்டையில் மட்டும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே போனால் அங்கே அதைக் காணமுடியாது. ஆண் தவளையின் குரல் பூச்சி சத்தம்போல் அத்தனை மெலிவானது. மற்ற தவளைகளின் இரைச்சலில் அதைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது வேண்டும். ஆழமில்லாத நீரின்மேல் வளைந்த இலையில் முட்டைகளை ஒரு பசைக்கட்டியாக ஒட்டிவைக்கும். பொரித்த குஞ்சுகள் கீழே இருக்கும் நீரில் விழும். இலைக்கும் நீருக்கும் இடையே உள்ள அந்தச் சிறிய இடைவெளி கெட்டால், அதாவது நீர் வற்றினாலோ நாணலை அடியோடு வெட்டினாலோ, அந்தப் பருவத்துக் குஞ்சுகள் அவ்வளவுதான். 2017இல் இதற்கென்றே ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அரசிதழில் வெளியிட்டார்கள். உங்களுக்கு அருகிலேயே, மவுண்ட் மோர்லாந்தில் இது வாழ்கிறது. உங்கள் மூலையில் நிரந்தர நீரும் அடர்ந்த நாணலும் இல்லாதவரை அங்கே இது இருக்க வாய்ப்புக் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது வாழும் நாணல்காட்டுக்கு நீர் வருவது உங்களுடையதைப் போன்ற மேல்கசிவுகளிலிருந்துதான்.

அதே மவுண்ட் மோர்லாந்து நாணலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாலை தோறும் தகைவிலான் குருவிகள் வந்து இறங்குவதை நீங்கள் பார்த்ததில்லை என்றால், இந்தப் பருவத்தில் வருகின்றனவா என்று விசாரித்துக்கொண்டு, ஒரு நாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் பறவைகள் அவை. உச்சத்தில் 30 லட்சம் வரை இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2010இல் கிங் ஷாகா விமான நிலையம் அதன் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. பறவைக்கூட்டம் விமானப் பாதைக்கு வருகிறதா என்று பார்க்க ரேடாரே வைத்தார்கள். ஓர் ஊரின் ஓரத்து நாணல் புதருக்காக விமான நிலையம் தன் வேலையைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

பாம்பு இருக்கும் என்பது உண்மைதான். தவளையைத் தின்னும் நைட் ஆடர் போன்றவை ஈர ஓரங்களை விரும்பும். இடிபாட்டுக் குவியல் அவற்றுக்கு இன்னும் வசதியான வீடு என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். கொசு பற்றிய பயத்துக்கு டோங்காட்டில் அதிக ஆதாரமில்லை. தென்னாப்பிரிக்காவில் மலேரியா இன்று வடகிழக்கு எல்லைப் பகுதிகளோடு நிற்கிறது. மீனும் தும்பிக் குஞ்சும் இருக்கிற நீரைவிட, பழைய டயரிலும் வாளியிலும் தேங்கிய நீரில்தான் கொசு கொழுக்கிறது. உண்மையில் கவனம் வேண்டியது பில்ஹார்சியா. நத்தை வழியாகப் பரவும் அந்தப் புழு நம் கரையோர நீர்நிலைகளில் இருக்கிறது. தேங்கிய நீரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

இப்போது வீட்டைப் பற்றி. இடிபாட்டை மேலே கொட்டினால் கீழே வரும் நீர் நின்றுவிடாது. சரிவின் உள்ளே கசிந்து வருகிற நீர் அது. உங்கள் மேட்டின் அடியில் முட்டி, பக்கவாட்டில் தேடி, சுவரில் ஏறும், அல்லது பக்கத்துக்காரர் நிலத்தில் கிளம்பும். தரை ஒரே சீராக அமுங்காததால் சுவர் வெடிக்கும். செப்டிக் தொட்டி வேலை செய்யாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை உங்கள் ஊரே மறந்திருக்காது. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட் மாதக்கணக்கில் குழாய்நீர் இன்றித் தவித்தது. இறந்தவர்களில் பலர் தாழ்ந்த ஓடைக்கரைகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும் வேறு வழியின்றிக் குடியேறிய ஏழைகள். நம் மக்களுக்கும் இது புதிதல்ல. ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்து காய்கறித் தோட்டம் போட்ட நம் முன்னோர்களுக்கு டர்பன் பக்கத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு, கிளேர்வுட், இசிப்பிங்கோ போன்ற தாழ்நிலங்கள்தான் மலிவாகக் கிடைத்தன. 1917 அக்டோபரில் உம்கெனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டின் டின் டவுன் குடியிருப்பை மூழ்கடித்தது. அப்போது பதவத்தான் குழுவின் நம்மவர்களான ஆறு மீனவர்கள் படகில் திரும்பத் திரும்பப் போய் 170க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அந்தத் தீரத்தைப் பெருமையாகச் சொல்லும் நாம், வாடகைக்கு வருகிற இன்னொரு குடும்பத்தை அதே மாதிரி நிலத்தில் காசு வாங்கிக் குடிவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி நீரோட்டத்தைத் தடுப்பதும் திருப்புவதும், நீர்வழியின் தன்மையை மாற்றுவதும் அனுமதி பெற வேண்டிய செயல்கள். நீர்வழி என்ற சொல்லுக்குள் ஈரநிலமும் அடங்கும். ஈரநில எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் நடக்கும் வேலையும் இந்தக் கண்காணிப்புக்குள் வருகிறது. அதில் எல்லாமே தடையல்ல, ஆபத்து குறைந்தவற்றைப் பதிவு செய்து பொது அனுமதியின்கீழ் செய்யலாம். சுற்றுச்சூழல் தாக்க விதிகள் இன்னும் துல்லியமானவை. நீர்வழியில் 10 கனமீட்டருக்கு மேல் எதையும் கொட்டுவதற்கு முன்னனுமதி வேண்டும். இங்கே ஓடும் சாதாரண டிப்பர் லாரி ஒன்றின் கொள்ளளவே அவ்வளவுதான். இரண்டாவது லாரி கவிழ்க்கும்போதே நீங்கள் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். அரை ஏக்கரை மேடாக்க எத்தனை லாரி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நீர்ச் சட்டத்தை மீறினால் முதல் குற்றத்துக்கே அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ விதிக்க இடமுண்டு. நடைமுறையில் அபராதத்தைவிட, கொட்டியதை உங்கள் செலவிலேயே அள்ளச் சொல்லும் உத்தரவுதான் குடும்பங்களை நொடிக்கச் செய்கிறது. ‘இலவசமாக இடிபாடு கொட்டித் தருகிறோம்’ என்று வரும் லாரிக்காரர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

சித்தப்பாவின் ஆசையில் தவறில்லை, இடம்தான் தவறு. மேட்டுப் பக்கம் மூன்றரை ஏக்கர் இருக்கிறது. எல்லையைச் சரியாகக் குறித்துவிட்டால், அதற்கு மேலே ஓர் இடைவெளி விட்டு, எங்கே கட்டலாம் என்பதும் தெளிவாகிவிடும். குழி தோண்டிப் பார்ப்பது உங்கள் மனத்தெளிவுக்கு மட்டுமே. அனுமதிக்குப் போகும்போது இயற்கை அறிவியல் தொழில் மன்றத்தில் பதிவுபெற்ற ஒருவரின் அறிக்கை வேண்டும். அவரை அமர்த்தும்போது ‘நேரில் வந்து மண்ணைத் துளைத்துப் பார்ப்பீர்களா’ என்று கேளுங்கள். படத்தை மட்டும் பார்த்து எழுதித் தருகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். கூடுமானால் மழைக்காலத்தில் வரச் சொல்லுங்கள். மண் எப்போதும் பேசும், செடி அப்போதுதான் பேசும்.

அந்த மூலையை என்ன செய்வது என்றால், இந்தப் பருவம் அறுத்த பிறகு அங்கே மறுபடி கரும்பு நடாமல் விடுங்கள். எப்படியும் அங்கே விளைச்சல் சரியில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விதை மண்ணிலேயே கிடக்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் கோரை தானாக வரும். உன்னிச்செடியும் கல்வாழையும் முதலில் வந்து இடம்பிடிக்கும், அவற்றைச் சிறியதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பக்கத்து ஓடையிலிருந்து ஆகாயத்தாமரையை அழகுக்காகக் கொண்டுவந்து போடாதீர்கள். தவளையையும் எங்கிருந்தும் பிடித்துவந்து விடவேண்டாம். நோயும் கூடவே வரும். பழைய வடிகால் இருந்தால் அதை உடனே அடைக்கத் தோன்றும். அதுவும் நீரோட்டத்தை மாற்றும் வேலைதான், அனுமதி கேட்டுவிட்டே செய்ய வேண்டும். தவறான இடத்தில் அடைத்தால் நீர் பக்கவாட்டில் வெட்டிப் புதிய பள்ளம் தோண்டிவிடும்.

முதல் மழைக்குப் பிறகு குழி தோண்டினால் மண்கட்டிகளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கட்டி ஈரமாக இருக்க வேண்டும்; காய்ந்திருந்தால் கொஞ்சம் நீர் தெளித்துக்கொள்ளுங்கள், நிறம் அப்போதுதான் சரியாகத் தெரியும். நேர் வெயிலில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெள்ளைத் தாளும் வையுங்கள். எந்தக் குழி எங்கே இருந்தது என்பதைக் காட்ட, மேட்டிலிருந்து அடிமூலை வரை தெரியும்படி நிலத்தின் படம் ஒன்றும் வேண்டும்.